கொண்டை ஊசி வளைவில் வரும் கிளட்ச் வாடை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. மசினகுடி பக்கமிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. விடுமுறை நாளில் இந்த ரோடுகளில் ஏதாவது ஒரு வளைவில் பானெட்டைத் திறந்துவைத்தபடி ஒரு கார் நிற்கும். ஆவி பறந்தால் கூலிங் சிஸ்டத்தில் கோளாறு. ஆவி இல்லாமல் அட்டை கருகியது போல வாடை மட்டும் அடித்தால் அது கிளட்ச். வண்டியில் குறையே இல்லாமலும் இந்த வாடை வரும். பெரும்பாலும் ஓட்டும் முறையால்தான் வருகிறது.

எஞ்சினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்துவது கிளட்ச் பிளேட். அதன் இரண்டு பக்கமும் லைனிங் உண்டு. நாரும் செம்புக் கம்பியும் ரெசின் என்ற பிசினால் இறுக்கி ஒட்டிய பொருள் அது. ஒரு பக்கம் எஞ்சினோடு சுற்றும் பிளைவீல், மறுபக்கம் பிரஷர் பிளேட், நடுவில் இது. பெடலிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டால் மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும், உராய்வே கிடையாது. முழுதாக மிதித்தால் பிளேட் விலகி நிற்கும், அப்போதும் லைனிங் தேயாது. தேய்வதெல்லாம் நடுவில், பெடல் பாதி மிதிபட்டிருக்கும், நாம் ஆஃப் கிளட்ச் என்று சொல்லும் அந்த இடத்தில்தான். நீண்ட நேரம் அங்கேயே நின்றால் சூட்டில் ரெசின் கருகுகிறது. மூக்குக்கு வருவது அந்தப் பிசினின் வாடை.

எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் ஏறிய ஒரு சின்ன பெட்ரோல் கார், மொத்தம் 1100 கிலோ. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவு. பிரேக்கைத் தொடாமல், ஆஃப் கிளட்ச்சிலேயே 1500 ஆர்.பி.எம்.மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்ற, வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து நிறுத்துகிறார் ஓட்டுநர். முதல் கியரில் கிளட்ச் தாங்க வேண்டிய முறுக்கு விசை ஏறத்தாழ 21 நியூட்டன் மீட்டர். வண்டி நகரவில்லை என்பதால் எஞ்சின் தரும் சக்தி முழுவதும், அதாவது 3.3 கிலோவாட்டுக்குப் பக்கம், அந்த ஒரு பிளேட்டிலேயே சூடாக மாறுகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றை ஒன்றாக வைத்த கணக்கு. பத்து வினாடி இப்படி நின்றால், அதே காரைச் சமதளத்தில் ஆறு தடவை நிறுத்தி எடுத்த சூடு சேர்ந்துவிடும். மலை டிராஃபிக்கில் பத்து வினாடியோடு யார் விடுகிறார்கள்?

இன்னொரு கணக்கும் உண்டு. சமதளத்தில் வண்டியை நகர்த்தும்போது, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்வரை 1500க்குப் பதில் 3000 ஆர்.பி.எம். வைத்தால் சூடு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. "ஆஃப் ஆகிடும், நல்லா ரேஸ் குடு" என்று பக்கத்து சீட்டிலிருந்து வரும் யோசனைக்கு இந்த விலை.

மலையில் தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: வளைவின் நடுப்பகுதி. இரண்டாவது கியரில் வருகிறார்கள். வளைவில் வேகம் 12 கிலோமீட்டருக்கு இறங்குகிறது. பல சின்ன கார்களில் அந்த வேகத்தில் இரண்டாவது கியர் என்றால் எஞ்சின் சுமார் 900 ஆர்.பி.எம்.தான். வண்டி உதறும். முதல் கியருக்கு இறக்குவதற்குப் பதில் கிளட்ச்சைப் பாதி மிதித்து ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார்கள். வண்டி எப்படியோ ஏறிவிடுகிறது, பிளேட் வெந்துவிடுகிறது. இதே காரியம் இருபது வளைவில் நடந்தால், முன் வளைவின் சூடு ஆறுவதற்குள் அடுத்தது வந்து சேரும். வளைவுக்கு முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே கியரை இறக்கி, காலைக் கிளட்ச்சிலிருந்து முழுதாக எடுத்துவிட்டுத் திரும்புங்கள். முதல் கியரில் எஞ்சின் இரைவதைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். இரையட்டும், எஞ்சின் அதற்காகச் செய்யப்பட்டதுதான்.

நின்ற வண்டியை மேட்டில் எடுக்க ஹேண்ட் பிரேக்கை விடச் சிறந்த துணை இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு முதல் கியர் போடுங்கள். கிளட்ச்சை மெல்ல விட்டுக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் தணியும், வண்டி லேசாக முனகும். அதுதான் பிடிக்கும் இடம். கால் அங்கேயே நிற்க, 1500 முதல் 1800 வரை ஆக்சிலரேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். அரை வண்டி நீளம் நகர்ந்ததும் கிளட்ச்சை முழுதாக விடுங்கள். இதெல்லாம் இரண்டு மூன்று வினாடி வேலை. மேட்டில் பிரேக்கைத் தானே பிடித்துவைக்கும் ஹில் ஹோல்ட் இருக்கிற வண்டிகளில் பிரேக் இரண்டு மூன்று வினாடிதான் பிடித்திருக்கும், அதை நம்பி ஆற அமர யோசிக்க முடியாது. முன்னால் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு அடிக்கும் பின்னாலேயே போகாதீர்கள். நல்ல இடைவெளி விழட்டும், ஒரே எடுப்பில் போய்ச் சேருங்கள். குறுகிய மலை ரோட்டில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் இந்தக் காரணமும் இருக்கிறது.

மலையே வேண்டாம், அபார்ட்மெண்ட் அடித்தள பார்க்கிங்கின் சாய்தளம் போதும். பாதி ஏறியபின் கேட் திறக்கக் காத்திருப்பதும், ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக மேலேறுவதும் கொல்லிமலைக்குச் சமம். கேட் திறக்கும்வரை கீழே சமதளத்தில் நில்லுங்கள். கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். உள்ளே இருப்பது இதே உலர் கிளட்ச்தான், மிதிப்பது மட்டும் மெஷின். மேட்டில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து நிறுத்தினால் அதுவும் இப்படியே கருகும்.

வாடை எல்லாமே கிளட்ச் இல்லை. பிரேக் லைனிங்கிலும் ரெசின் இருப்பதால் வாடை ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏறும்போது வந்தால் கிளட்ச்சையும் இறங்கும்போது வந்தால் பிரேக்கையும் முதலில் சந்தேகப்படுங்கள். பிரேக் என்றால் பெடல் ஆழமாகப் போகத் தொடங்குவதற்குள் வண்டியை ஓரங்கட்டி ஆறவிட வேண்டும், பிறகு ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். சமதளத்திலும் வாடை வந்தால், நிறுத்தி நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின் இரண்டும் சுட்டால் ஹேண்ட் பிரேக்கை இறக்க மறந்திருக்கலாம். சைலன்சரில் எண்ணெய் சொட்டினால் புகையும் சேர்ந்து வரும். ரோட்டில் பறந்த பிளாஸ்டிக் பை சைலன்சரில் ஒட்டிக்கொண்டு உருகுவதும் நம் ஊரில் சகஜம், மெக்கானிக்கிடம் போகுமுன் குனிந்து ஒரு தடவை பார்த்துவிடலாம்.

கிளட்ச்தான் என்று தெரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சின் ஐடிலில் 15, 20 நிமிடம் ஓடட்டும். பிளைவீல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே கொஞ்சம் காற்று அசையும், பிளேட்டின் சூடும் இரும்புக்குள் இறங்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரே ஒரு தடவை வாடை வந்து, ஆறியபின் வண்டி பழையபடி இழுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. லைனிங் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆறியபின்னும் இழுவை குறைவாகவே இருந்தால், லைனிங்கின் மேற்பரப்பு கண்ணாடி போல வழுவழுப்பாகியிருக்கும். அப்புறம் அது வழுக்கும், வழுக்குவதால் சூடாகும், சூட்டில் இன்னும் வழுக்கும்.

கிளட்ச் ஸ்லிப் முதலில் தெரிவது முதல் கியரில் இல்லை, நான்காவது ஐந்தாவது கியரில். டாப் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் ஆர்.பி.எம். முள் துள்ளிப் போகும், வேகம் ஏறாது. நிற்கும் வண்டியில் பார்க்க, திறந்த சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, வலது காலைப் பிரேக்கில் வைத்து, மூன்றாவது கியர் போட்டுக் கிளட்ச்சை விடுங்கள். எஞ்சின் பட்டென்று ஆஃப் ஆக வேண்டும். தொடர்ந்து ஓடினால் உடனே கிளட்ச்சை மிதித்துவிடுங்கள், பிளேட் பிடிக்கவில்லை. ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், இந்தச் சோதனையும் லைனிங்கைத் தின்னும்.

கேபிள் கிளட்ச் வண்டியில் பெடலின் ஃப்ரீ பிளேயையும் கவனியுங்கள். கையால் அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் லேசாக இறங்கி, பிறகு கனக்கும். அந்த லேசான தூரம் பல சின்ன கார்களில் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் உண்டு. பிளேட் தேயத் தேய அது குறைந்துகொண்டே வரும், பெடல் பிடிக்கும் இடமும் மேலேறும். ஃப்ரீ பிளே சுத்தமாகப் போய்விட்டால் பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங், காலை எடுத்தபின்னும் அதை அழுத்திக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட்டும் வழுக்கும். கேபிள் நட்டைத் திருகினால் தீருகிற இந்தக் குறைக்குக் கியர் பாக்ஸை இறக்கி முழு செட் மாற்றியவர்கள் உண்டு. கிளட்ச் மேல் கால் வைத்தே ஓட்டுகிறவர்கள் செய்வதும் இதையேதான், அட்ஜஸ்ட்மெண்ட் சரியாக இருக்கும்போதே.

கியர் பாக்ஸ் இறங்கிவிட்டால் பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் வந்திருந்தால் ஆயுள் முடிந்தது என்றே பெரும்பாலான கையேடுகள் சொல்லும். லைனிங் தடிமனாக இருந்தும் எண்ணெய் ஊறியிருந்தால் குற்றவாளி கிராங்க் பின்பக்க ஆயில் சீல் அல்லது கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். அதை மாற்றாமல் புது பிளேட் போட்டால் அதுவும் நனையும். பிளைவீலில் நீலத் திட்டுகளோ முடி போன்ற வெடிப்புகளோ இருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும்; வெடிப்பு ஆழமாக இருந்தால் மாற்ற வேண்டும். பல டீசல் வண்டிகளில் உள்ள, நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பகுதியாகச் செய்த டூயல் மாஸ் பிளைவீலை லேத்தில் ஏற்றக் கூடாது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கூலியில் பெரும்பகுதி கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே போகிறது, பழைய பேரிங்கை விட்டுவைத்து மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. பிளேட்டை நடுவில் நிறுத்தச் சென்டரிங் டூல் போடுகிறார்களா, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குகிறார்களா என்றும் பாருங்கள். ஒரு பக்கமே இறுக்கினால் பிரஷர் பிளேட் கோணி, வண்டி எடுக்கும்போது உதறும்.

புது செட் போட்டபின் முதல் சில நாள் லேசாக வாடை வரலாம், லைனிங் படிகிற வாடை அது. முதல் 500 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள், ஏற்காடு அதற்கப்புறம்.