சி2ரஸ்ட்டில் பிஸிப்2: ரஸ்ட் எழுத்தில் வரும் சி

சி மொழி நிரலை ரஸ்ட் மொழிக்கு மாற்றித் தரும் கட்டளைவரிக் கருவிகளில் சி2ரஸ்ட் தான் இப்போதைக்கு நம்பி இறங்கக்கூடியது. இம்யூனன்ட், கலோயிஸ் நிறுவனங்கள் உருவாக்கியது. டேவ்1டி என்ற ஏவி1 வீடியோ டிகோடர் ராவ்1டி ஆனது இதை வைத்துத்தான். ஆனால் இது வெளியே தள்ளுவது நாம் நினைக்கிற ரஸ்ட் இல்லை. புது மொந்தையில் பழைய கள். சுட்டிகள் அப்படியே இருக்கும், ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் அன்சேஃப் (கம்பைலரின் பாதுகாப்பு உறுதி இங்கே இல்லை என்ற குறி) இருக்கும். அந்தக் கள்ளை வடிகட்டுவது நம் வேலை. அந்த வேலையைத் தொடங்கத்தக்க நிலையில் நிரலைக் கொண்டுவந்து கொடுப்பது மட்டுமே கருவியின் வேலை.

பழகிப் பார்க்க, கோப்புகளைச் சுருக்கும் பிஸிப்2 1.0.8 பொருத்தமானது. நூலகம் ஏழே சி கோப்புகள், வெளி நூலகம் எதையும் நம்பி இல்லை, சோதனைக் கோப்புகளும் கூடவே வருகின்றன. அதே சமயம் மொழிபெயர்ப்பான் திணறும் பல சி வித்தைகளும் இதற்குள் உண்டு.

நிறுவுவதில் ஒரே சிக்கல் எல்எல்விஎம். சி2ரஸ்ட் சி நிரலைத் தானாகப் படிப்பதில்லை. எல்எல்விஎம் குடும்பத்தின் சி கம்பைலரான கிளாங் படித்துத் தரும் தொடரமைப்பு மரத்தைத்தான் மாற்றுகிறது. உபுண்டுவில் எல்எல்விஎம், கிளாங், லிப்கிளாங் டெவ் தொகுப்பு, சிமேக் ஆகியவற்றைப் போட்டுவிட்டு, ரஸ்ட்டின் கட்டுமானக் கருவியான கார்கோவில் இன்ஸ்டால் கொடுத்தால் போதும். லாக்டு கொடியை விடவேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட எல்எல்விஎம் பதிப்புகள் கணினியில் இருந்தால் எல்எல்விஎம்_கான்ஃபிக்_பாத் என்ற சூழல் மாறியில் (எல்லாம் பெரிய எழுத்தில்) எது வேண்டுமோ அதைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் ஹெடரும் இன்னொன்றின் நூலகமும் கலந்து, இணைக்கும் கட்டத்தில் புரியாத பிழைகள் வரிசையாக வரும்.

அடுத்தது கம்பைல்_கமாண்ட்ஸ் ஜேசான் கோப்பு. எந்த சி கோப்பு எந்தக் கொடிகளோடு கம்பைல் ஆனது என்ற பட்டியல் இது. சிமேக் திட்டம் என்றால் இதை எழுதித்தரச் சொல்லி ஒரு மாறியை ஆன் செய்தால் முடிந்தது. பிஸிப்2-இல் இருப்பது வெறும் மேக்ஃபைல், ஆகவே பேர் என்ற கருவி வேண்டும். மேக் ஓடும்போது கூடவே ஒளிந்திருந்து கம்பைலர் அழைப்புகளைக் குறித்துக்கொள்ளும். இங்கே பலரும் சறுக்குவார்கள்: ஏற்கெனவே கம்பைல் செய்த அடைவில் ஓட்டினால் மேக்குக்குச் செய்ய ஒன்றுமில்லை, பேர் கருவிக்குக் குறிக்கவும் ஒன்றுமில்லை. காலிப் பட்டியல்தான் கிடைக்கும். முதலில் மேக் கிளீன், பிறகு பேர், இரட்டைக் கோடு, மேக்.

நேரடியாக சி கோப்பையே கொடுத்தால் என்ன என்று தோன்றும். பிஸிப்2-இன் மேக்ஃபைல், கோப்பு ஆஃப்செட்டை 64 பிட்டாக்கும் ஒரு டிஃபைனைக் கம்பைலருக்குக் கொடுக்கிறது. அது விட்டுப்போனால் 32 பிட் கணினியில் மொழிபெயர்ப்பு சத்தமில்லாமல் தப்பாகும், பெரிய கோப்பில்தான் பல்லிளிக்கும். இப்படிப்பட்ட கொடிகளைக் கைமறதியாக விடாமல் இருக்கத்தான் அந்தப் பட்டியல்.

பட்டியலை ஒரு தடவை எடிட்டரில் திறந்து பாருங்கள். பிஸிப்2-இன் மேக் இரண்டு நிரல்களைக் கட்டுகிறது: பிஸிப்2, பிஸிப்2ரெகவர். இரண்டுக்கும் தனித்தனி மெயின். சி2ரஸ்ட் எல்லாவற்றையும் ஒரே கிரேட்டுக்குள் (ரஸ்ட்டின் நிரல் தொகுப்பு) போடப்பார்க்கும். பொது மாறிகளுக்கெல்லாம், பெயரை மாற்றாமல் அப்படியே வெளியே காட்டும் நோ_மேங்கிள் குறியை ஒட்டிவிடும். இரண்டு நிரலிலும் ஒரே பெயரில் பொது மாறி இருந்தால் மோதல்தான். ரெகவருக்கான பதிவை வெட்டிவிட்டுத் தொடங்குவது நிம்மதி.

பிறகு டிரான்ஸ்பைல். பைனரி கொடிக்கு பிஸிப்2 என்று பெயர் கொடுத்தால் கார்கோ டோமலும் மற்றக் கட்டுமானக் கோப்புகளும் தானே வரும். அவுட்புட் அடைவைச் சொல்லாவிட்டால் ரஸ்ட் கோப்புகளை சி கோப்புகளுக்குப் பக்கத்திலேயே கொட்டிவிடும். இரண்டாம் முறை ஓட்டும்போது, மேலெழுதச் சொல்லும் கொடி இல்லையென்றால் பழைய கோப்புகளைத் தொடாமல் தாண்டிப் போகும். சி பக்கம் திருத்திவிட்டு, ரஸ்ட் பக்கம் ஏன் மாறவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

இப்போது வந்திருப்பதைத் திறந்தால் முதல் பார்வையில் எரிச்சல்தான் வரும். எல்லா மாறிகளும் ஃபங்ஷன் தலையில் மியூட்டபிளாக, பூச்சியம் கொடுத்து வைக்கப்பட்டிருக்கும். ஃபார் லூப் எல்லாம் வைல் ஆகியிருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் "ஆஸ் சி_இன்ட்" என்று வால். மேட்ச், டைப், இன் என்ற பெயரில் சி மாறி இருந்தால் அவை ரஸ்ட்டின் சொந்தச் சொற்கள் என்பதால் பின்னால் _0 சேர்ந்திருக்கும். கருத்துரைகள் எல்லாம் முழுதாக வந்திருக்கும் என்று நம்ப முடியாது.

மேக்ரோக்களும் காணாமல் போயிருக்கும். இது கொஞ்சம் வலிக்கும். பிரீபிராசஸர் வேலை முடிந்த பிறகுதான் கிளாங்கின் மரம் உருவாகிறது. ஆகவே பிஸிப்2-இன் சிஆர்சி மேக்ரோ ஒரு ஃபங்ஷனாக வராது. இடது பக்கம் 8 பிட் தள்ளு, அட்டவணையில் தேடு, எக்ஸார் செய் என்ற அந்த வரி, பயன்பட்ட இடமெல்லாம் விரிந்து கிடக்கும். ஒரு நூறு எழுத்து வரியை நாலு இடத்தில் கண்டால் அது பழைய மேக்ரோ என்று புரிந்துகொண்டு, ஒரு ஃபங்ஷன் எழுதி மாற்றவேண்டும்.

மேக்ரோ விரிவதன் இன்னொரு விளைவு, நிரல் அந்தக் கணினிக்கே சொந்தமாகிவிடுவது. கிளிப்சி என்ற சி நூலகம் உள்ள லினக்ஸில் மாற்றினால் எர்னோ என்பது கிளிப்சியின் உள் ஃபங்ஷன் ஒன்றை அழைத்து, அது தரும் சுட்டியைப் பிரிக்கும் வரியாகிவிடும். இஸ்ஸ்பேஸ் என்பது கிளிப்சியின் எழுத்து அட்டவணையில் பிட் பார்ப்பதாகிவிடும். ஃபைல் ஸ்ட்ரக்ட், ஸ்டாட் ஸ்ட்ரக்ட் எல்லாம் புலம் புலமாகப் பிரதி எடுக்கப்பட்டிருக்கும். இதை ஆப்பிளின் மேக் கணினிக்கு எடுத்துப் போனால் இணைக்கும்போதே நிற்கும், ஏனென்றால் அங்கே அந்தப் பெயர்களே வேறு. இஃப்டெஃப் கிளைகளில் நீங்கள் மாற்றிய கணினிக்கு உரியது மட்டுமே பிழைத்திருக்கும். முதல் வேலையாக இந்த அறிவிப்புகளை வெட்டிவிட்டு லிப்சி கிரேட்டில் உள்ளவற்றையோ ரஸ்ட்டின் சொந்த நூலகத்தையோ வைப்பது நல்லது. பிஸிப்2-இல் இது கட்டளைவரிப் பகுதியில்தான் அதிகம். நூலகப் பகுதி பெரும்பாலும் சுத்தம்.

உண்மையான தலைவலி டிகம்ப்ரஸ்.சி. இதில் பிட் படிக்கும் மேக்ரோவுக்குள்ளேயே ஒரு கேஸ் லேபிள் ஒளிந்திருக்கிறது. உள்ளீடு பாதியில் தீர்ந்துபோனால் ஃபங்ஷன் தன் நிலையைக் குறித்துவைத்துவிட்டு வெளியேறும். அடுத்த முறை கூப்பிடும்போது ஸ்விட்ச், விட்ட இடத்துக்கே, அது ஒரு லூப்பின் நடுவயிறாக இருந்தாலும், நேராகக் குதிக்கும். 10 முதல் 50 வரை 41 நிலைகள். வெளியேறும் முன் 24 உள் மாறிகளை ஸ்ட்ரக்ட்டில் எழுதிவைத்து, நுழையும்போது திரும்ப எடுக்கிறது. கோட்டூ இல்லாத ரஸ்ட்டில் இதற்கு நேர் சொல் கிடையாது.

சி2ரஸ்ட் இதற்கு ரீலூப்பர் முறையைப் பயன்படுத்துகிறது, எம்ஸ்கிரிப்டனில் பிறந்த வழி. கரன்ட்_பிளாக் என்று ஒரு மாறி, அதில் இருபது இலக்கம் வரை நீளும் எண்கள், ஒவ்வொன்றும் ஒரு துண்டின் அடையாளம்; வெளியே ஒரு லூப், உள்ளே ஒரு மேட்ச். சரியாகவே ஓடும். ஆனால் மனிதர் படிக்கும் நிரல் அல்ல. நிலைகளின் பெயர்கள் மேக்ரோக்கள் என்பதால் அவையும் போய், 10, 11, 12 என்று மொட்டை எண்கள் மட்டும் நிற்கலாம். இந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் ஒட்டுவேலை செய்து திருத்தப் பார்க்காதீர்கள். 41 நிலைகளுக்கும் ஈனம் (பெயரிட்ட மதிப்புகளின் வகை) எழுதி, மூல சி கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் மறுபடி எழுதுவதே விரைவு. மொழிபெயர்ப்பு வந்ததை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கல்லாக வைத்துக்கொள்ளலாம்.

கருவியால் முடியாத இடங்களும் உண்டு. செட்ஜம்ப், லாங்ஜம்ப் வராது. லிப்பிஎன்ஜி, லுவா போன்றவை பிழை கையாள இதைத்தான் நம்பியிருக்கின்றன. லாங் டபுள், காம்ப்ளக்ஸ் எண்கள் அரைகுறை. பிரின்ட்எஃப் போல எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் வாங்கும் ஃபங்ஷனை அழைப்பதில் பிரச்சினை இல்லை, அப்படி ஒன்றை வரையறுத்தால்தான் இடறும். சி++ இதன் எல்லைக்குள்ளேயே இல்லை.

இனி எண்கணிதம். குறியில்லா எண்களின் கூட்டல் ராப்பிங்_ஆட் ஆகிவிடும், சி-யில் நடப்பதே நடக்கும். குறியுள்ள எண்களுக்கு வெறும் + தான். சி-யில் அது வழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரையறையே இல்லை. ரஸ்ட்டின் டீபக் கட்டுமானத்தில் பானிக் ஆகும் (பிழை சொல்லி நிரல் நிற்கும்), ரிலீஸில் சுற்றிக்கொண்டு வரும். வழிந்தால் சுற்றிவரச் சொல்லும் எஃப்-ராப்வி கொடியை நம்பி எழுதிய சி நிரல் டீபக்கில் விழுவது கருவியின் பிழை அல்ல, அந்த நிரல் ஒப்புக்கொள்ளாத கடன். அதேபோல, பைட் வரிசையின் நடுவிலிருந்து 32 பிட் எண்ணைச் சுட்டி மாற்றிப் படிக்கும் பழக்கம் எக்ஸ்86-இல் ஓடிவிடும். ரஸ்ட் 1.70-இலிருந்து டீபக் கட்டுமானம் ஒழுங்கற்ற (நினைவக எல்லையில் சரியாக உட்காராத) சுட்டியைக் கண்டதும் நிறுத்திவிடுகிறது. இவை இரண்டையும் முன்கூட்டியே பிடிக்க, மாற்றும் முன் சி நிரலையே அட்ரஸ் சானிட்டைசர், அன்டிஃபைண்டு சானிட்டைசரோடு ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

எல்லாம் அன்சேஃப் என்றால் பாதுகாப்பில் ஒரு லாபமும் இல்லையா? கொஞ்சம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. சுட்டி வழியாகத் தொடுவதெல்லாம் ஆஃப்செட் ஆகும், அங்கே காவல் கிடையாது. ஆனால் ஸ்ட்ரக்ட்டுக்குள் அளவு குறித்து வைத்த அணிகள் ரஸ்ட் அணிகளாகவே மாறுகின்றன. அவற்றைத் தொட்டால் எல்லை சோதிக்கப்படும். பிஸிப்2 1.0.6 வரை ஒரு ஓட்டை இருந்தது: கோப்பு சொல்லும் செலக்டர் எண்ணிக்கையை நம்பி, 18002 இடமே உள்ள அணிக்கு வெளியே எழுதிவிடும். 2019-இல் சிவிஇ-2019-12900 என்று பதிவானது, 1.0.7-இல் அடைத்தார்கள். அந்தப் பழைய பதிப்பை ஒரு எழுத்தும் திருத்தாமல் சி2ரஸ்ட்டில் மாற்றினாலும் அந்த இடம் நினைவகத்தைக் கெடுக்காது, பானிக் ஆகி நிற்கும். 

சோதனைக்கு வருவோம். பிஸிப்2-இன் மேக்ஃபைலில் மூன்று மாதிரிக் கோப்புகள் -1, -2, -3 அளவுகளில் சுருக்கப்பட்டு, தயாராக உள்ள விடைகளோடு பைட் பைட்டாக ஒப்பிடப்படுகின்றன; பிறகு விரித்தும் பார்க்கிறார்கள். ஆறு ஒப்பீடுகள். தொடங்குவதற்குப் போதும், முடிப்பதற்குப் போதாது. சுருக்கத்தின் விடை எப்போதும் ஒன்றே என்பதால் சி நிரலையும் ரஸ்ட் நிரலையும் ஒரே உள்ளீட்டில் ஓட்டி ஒப்பிடலாம். கெட்டுப்போன கோப்புகளையும் கொடுங்கள்: சி -4 என்று திருப்பும் இடத்தில் ரஸ்ட் -5 திருப்பினால் அதுவும் பிழைதான். ஒரு பைட் தருவதற்கே இடமுள்ள வெளியீட்டு இடையகத்தோடும் ஓட்டுங்கள். டிகம்ப்ரஸின் அந்த 41 நிலைகளில் பலவற்றைத் தொட, உள்ளீட்டையும் ஒரு ஒரு பைட்டாக ஊட்டுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

ஏதாவது பொருந்தவில்லை என்றால் எந்தக் கோப்பு என்று கண்டுபிடிப்பது எளிது. வெளிவந்த ஃபங்ஷன்கள் எல்லாம் சி-யின் அழைப்பு முறையிலேயே இருப்பதால், ஹஃப்மன் கோப்பை மட்டும் ரஸ்ட் ஸ்டாட்டிக் நூலகமாகக் கட்டி மற்ற ஆறு சி ஆப்ஜெக்ட்டுகளோடு இணைக்க முடியும். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் குற்றவாளி தானே அகப்படும்.

துப்புரவில் வரிசை முக்கியம். கோப்பின் தலையில் எச்சரிக்கைகளை அடக்கும் அலௌ பட்டியல் இருக்கும். அதில் அன்யூஸ்டு_மியூட்டை முதலில் எடுத்துவிட்டு கார்கோ ஃபிக்ஸ் கொடுத்தால் தேவையில்லாத மியூட்டெல்லாம் உதிரும். பிறகு திருத்த யோசனை சொல்லும் கிளிப்பி. அடுத்து, பல கோப்புகளில் தனித்தனியாக அறிவிக்கப்பட்டிருக்கும் ஒரே ஸ்ட்ரக்ட்டுகளை ஒரு மாட்யூலில் சேர்த்து மற்றதை அழியுங்கள். பல கோப்பில் பல பிரதி இருக்கும்வரை ரஸ்ட்டின் வகைச் சோதனை எதையும் காப்பாற்றாது; ஒன்றில் புலத்தை மாற்றிவிட்டு மற்றதை மறந்தால் கம்பைலர் பிழை என்று நிறுத்தாது. அதன் பிறகுதான் சுட்டியும் நீளமும் சேர்ந்து வரும் ஃபங்ஷன்களை ஸ்லைஸ் (நீளத்தைத் தன்னோடு சுமக்கும் சுட்டி) ஆக்குவது. யாரையும் அழைக்காத, எல்லோரும் அழைக்கும் சின்ன ஃபங்ஷன்களிலிருந்து மேலே ஏறுங்கள். ஹஃப்மன் கோப்பு இதற்கு நல்ல முதல் படி.

கடைசியாக மிஞ்சுவது சுருக்கும் பக்கத்தில் உள்ள நினைவகப் பங்கீடு. ஏஆர்ஆர்1 என்று வாங்கிய ஒரே இடத்தை 32 பிட் எண்களாக பிடிஆர் என்ற பெயரிலும், 16 பிட் எண்களாக எம்டிஎஃப்வி என்ற பெயரிலும் பார்க்கிறது. ஏஆர்ஆர்2-இன் முற்பகுதி பிளாக், அது முடியும் இடத்திலிருந்து வெளியீட்டுப் பிட்டுகள். 1990-களில் நினைவகம் மிச்சம் பிடிக்கச் செய்த வேலை. ஒரே இடத்துக்கு இரண்டு மியூட்டபிள் பெயர் என்பதை, யார் எதைத் தொடலாம் என்று பார்க்கும் பாரோ செக்கர் ஒருபோதும் ஏற்காது. ஏஆர்ஆர்1, ஏஆர்ஆர்2 இரண்டையும் 32 பிட் வெக்டாகவே வைத்துக்கொண்டு, முன்னதை 16 பிட்டாகவும் பின்னதை 8 பிட்டாகவும் காட்டும் இரண்டு சின்ன ஃபங்ஷன்களுக்குள் அன்சேஃபை அடைத்துவிடலாம். பெரிய வகையிலிருந்து சிறிய வகைக்குப் போவதால் ஒழுங்குச் சிக்கல் வராது. ஆனால் 16 பிட் பார்வையில் எழுதும்போது 32 பிட் பார்வையின் முற்பகுதி அழிந்துகொண்டே வரும். எம்டிஎஃப் (மூவ் டு ஃப்ரண்ட்) கட்டம் எந்த வேகத்தில் படித்து, எந்த வேகத்தில் எழுதுகிறது என்பதைக் கையில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே அந்த ஃபங்ஷன்களைத் தொடுங்கள்.