முதுகோடு முதுகு சாய்ந்து

புதுச்சேரியில் யோகாவுக்குப் பஞ்சமே இல்லை. கீதானந்தகிரி சுவாமிகள் 1968-ல் தொடங்கிய ஆனந்தா ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது, ஜனவரி பிறந்தால் சுற்றுலாத் துறையின் சர்வதேச யோகா திருவிழா வேறு. சின்னப் பிள்ளைகள் உடம்பை வில்லாக வளைப்பதைப் பார்த்துக் கை தட்டிவிட்டு, "நமக்கெல்லாம் இது வராதுப்பா" என்று ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். வளையவே வேண்டாம், வீட்டில் இருக்கிற ரெண்டு பேரும் காலையில் கொஞ்ச நேரம் சேர்ந்து உட்கார்ந்தாலே போதும்.

நானும் என் வீட்டுக்காரரும் முத்தியால்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் செய்கிறோம். பால் வாங்கி வைத்துவிட்டு, வெறும் வயிற்றில், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹாலில்தான். டைல்ஸ் தரையில் கோரைப்பாய் வழுக்கும் என்பதால் நின்று செய்வதற்கு ரப்பர் விரிப்பு, மற்றதற்கு ஜமுக்காளம்.

முதலில் முதுகோடு முதுகு ஒட்டிச் சம்மணம் போட்டு உட்காருவோம். அவருக்கு முழங்கால் வலி, அதனால் போர்வையை மடித்து அடியில் வைத்துக் கொஞ்சம் உயரமாக உட்காருவார். வேறு ஒன்றும் செய்வதில்லை, மூச்சு மட்டும்தான். அவர் மூச்சு இழுக்கும்போது விலா விரிவது என் முதுகில் அப்படியே தெரியும். மனசு சரியில்லாத நாளில் அந்த மூச்சு தோள்பட்டையோடு நின்றுவிடும், இடுப்புப் பக்கம் அசைவே இருக்காது. என்ன ஏது என்று நான் கேட்பதில்லை, "மெதுவா விடுங்க" என்பேன், அவ்வளவுதான். நாலு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுகிறோம். மூச்சை விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது, உடம்பு இளகுகிறது. கொஞ்ச நேரத்தில் ரெண்டு பேர் மூச்சும் தானாகவே ஒரே வேகத்துக்கு வந்துவிடும், அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் கால் நீட்டிக் குனிகிற பச்சிமோத்தானாசனம். ஜோடியாகச் செய்பவர்கள் பலர் இதில்தான், குனிந்தவர் முதுகில் கையை ஊன்றி அமுக்குகிறார்கள். தயவுசெய்து அமுக்காதீர்கள். தசைக்குள்ளேயே நீட்சியை உணரும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. வெடுக்கென்று இழுபட்டால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகத்தான் செய்யும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருக்கும், வளைந்த முதுகெலும்பில் அடுத்தவர் எடை விழுந்தால் முறிவுகூட ஏற்படலாம். என் வீட்டுக்காரர் உள்ளங்கையை என் கீழ்முதுகில் சும்மா வைத்திருப்பார். அந்தச் சூட்டிலேயே நான் மூச்சு விடும்போது இடுப்பு தானாக இளகி, இன்னும் ஒரு விரல்கடை இறங்கும். அதற்கு மேல் போனால், "போதும்மா, அங்கேயே இரு" என்பார். கால் விரலைத் தொட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

நின்று செய்வதில் ஒன்று சொல்கிறேன். எதிரெதிரே நின்று, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்காருவதுபோல் மெதுவாகப் பின்னால் இறங்குவது. தனியாகச் செய்தால் விழுந்துவிடுவோமோ என்று தொடை நடுங்கும், எதிரே ஒருவர் சம எடையில் சாய்ந்திருந்தால் முதுகு நேராக நிற்கும். முழங்கால் வலி இருந்தால் கால்வாசி இறங்கினாலே தாராளம். எழும்போதுதான் கவனம், ஒருவர் முந்திக்கொண்டால் மற்றவர் தடுமாறுவார், அதனால் மூச்சு இழுக்கும்போது சேர்ந்தே எழுகிறோம்.

கடைசியில் சுவரில் கால் தூக்கி வைத்துப் படுப்பது. நாள் முழுக்க அடுப்படியில் நின்றவர்களுக்குக் கால் கனம் இறங்குவது உடனே தெரியும். கண் அழுத்த நோயோ கட்டுப்படாத பிபியோ இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம், அவர்கள் நேராக, மல்லாந்து அசையாமல் படுக்கும் சவாசனத்துக்குப் போகலாம். எழும்போது வலப்பக்கம் ஒருக்களித்து, கையை ஊன்றி, நிதானமாக. தலை சுற்றினால் பிடித்துக்கொள்ளத்தான் பக்கத்திலேயே ஆள் இருக்கிறதே.