இடுப்பில் மாட்டும் சென்சார்: விழுவதைக் கண்டுபிடிப்பதில் எங்கே கோட்டை விடுகிறோம்

‘ஃபால் டிடெக்டர்’ என்று யூடியூபில் தேடினால் கிடைக்கும் புராஜெக்ட்களில் பல ஒரே வரியில் முடிந்துவிடும்: ஆக்ஸிலரோமீட்டர் (முடுக்கத்தை அளக்கும் சென்சார்) 2.5 ஜியைத் தாண்டினால் மெசேஜ் அனுப்பு. ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் முடுக்கம். கல்லூரி ரெவ்யூவில் போர்டைக் கையில் பிடித்து ஓர் உதறு உதறினால் மெசேஜ் வரும், மார்க்கும் விழும். அதையே ஒரு பாட்டியின் இடுப்பில் மாட்டிப் பாருங்கள். தரையில் தொப்பென்று உட்காரும்போதெல்லாம் கத்தும். கட்டிலிலிருந்து மெல்லச் சரிந்து எழ முடியாமல் கிடக்கும்போது மட்டும் வாயே திறக்காது.

விழுவது என்பது ஓர் அடி அல்ல. சாய்வு, மோதல், உடல் கிடக்கும் கோணம் மாறுவது, அதன் பிறகு அசைவு இல்லாமை என்று நான்கு கட்டம் உண்டு. அடியை மட்டும் பார்த்தால் நாலில் ஒன்றைத்தான் பார்க்கிறோம்.

முதல் கட்டத்தில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. சும்மா நிற்கும்போது ஆக்ஸிலரோமீட்டர் 1 ஜி காட்டும். கையிலிருந்து நழுவும் போன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து என்றால் 0.45 நொடி அப்படியே இருக்கும். மனிதர் அப்படி விழுவதில்லை. கால் தரையில் ஊன்றியிருக்க, வெட்டிய தென்னைபோல மேலுடம்பு சாய்கிறது. அதனால் இடுப்பில் அளவு 0.5, 0.6 ஜி வரை இறங்கிவிட்டு, உடனே மோதலின் உச்சத்துக்குத் தாவிவிடும். சென்சாரிலேயே வரும் ‘ஃப்ரீ ஃபால்’ இன்டரப்ட்டை (அளவு பூஜ்யத்தை நெருங்கினால் போர்டுக்குத் தானாகச் சைகை தருவது) நம்பி உட்கார்ந்தால் பல விழுதல்கள் தப்பிப்போவது இதனால்தான். அது கீழே விழும் பொருளுக்காக வைத்த வசதி, மனிதருக்காக அல்ல.

பொருட்கள் அதிகம் வேண்டாம். வைஃபை உள்ள ஒரு சின்ன இஎஸ்பி32 கன்ட்ரோலர் போர்டு, ஆக்ஸிலரோமீட்டரும் சுழற்சியை அளக்கும் ஜைரோவும் சேர்ந்த எம்பியு-6050 மாட்யூல், 500 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, டிபி4056 சார்ஜர், ஒரு பஸ்ஸர், ஒரு பட்டன். சார்ஜரை அப்படியே போட்டுவிடாதீர்கள். கடையில் வரும் மாட்யூலில் 1.2 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கும். அது 1 ஆம்பியர் தள்ளும். இவ்வளவு சின்ன பேட்டரிக்கு அது இருமடங்கு வேகம், சூடாகும், உப்பும். அதைக் கழற்றிவிட்டு 4.7 கிலோஓம் வைத்தால் கால் ஆம்பியருக்குப் பக்கத்தில் நிற்கும். வயதானவர் உடம்போடு ஒட்டிக் கிடக்கப்போகிற பேட்டரி இது.

எம்பியு-6050 கண் விழிக்கும்போது ±2 ஜி அளவில் இருக்கும். மோதலின் உச்சம் ஒவ்வோர் அச்சிலும் 2-இல் வெட்டுப்பட்டுவிடும். “3 ஜி என்று வைத்தேன், எப்படி விழுந்தாலும் வரவே இல்லை” என்ற புலம்பலுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம். சென்சாரின் அமைப்புகள் இருக்கும் இடங்களான ரெஜிஸ்டர்களைப் பதின்ம எண்ணில் சொல்கிறேன்: 107-இல் 0 எழுதினால் தூக்கம் கலையும். 28-இல் 24 எழுதினால் ±16 ஜி. அப்போது 2048 என்ற எண் ஒரு ஜிக்குச் சமம். 26-இல் 3 போட்டால் வடிகட்டி 44 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 25-இல் 9 போட்டால் நொடிக்கு 100 அளவீடு வரும். மூன்று அச்சுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். நமக்கு வேண்டிய அளவு அதுதான்.

விதி இப்படி ஓட வேண்டும். அளவு 0.6 ஜிக்குக் கீழே சில அளவீடுகள் தொடர்ந்து இருந்தால் கடிகாரத்தைத் தொடங்கு. ஒரு நொடிக்குள் 2.5 ஜியைத் தாண்டினால் இரண்டு நொடி பொறு. உடல் உருண்டு அடங்கட்டும். அதன் பிறகு ஒரு நொடியின் சராசரியை எடுத்து, விழுவதற்கு முந்தைய சராசரியோடு கோணத்தை ஒப்பிடு. 60 டிகிரிக்கு மேல் மாறியிருந்து, அடுத்த பத்து நொடியும் பெரிய அசைவு இல்லை என்றால் பஸ்ஸரை அடி. 20 நொடிக்குள் யாரும் நிறுத்தவில்லை என்றால் மெசேஜ். ‘நிமிர்ந்த நிலை’ எது என்பதை நிரலில் எழுதி வைக்காதீர்கள். கிளிப் தினமும் வேறு சாய்வில்தான் மாட்டப்படும். காலையில் மாட்டியதும் நடக்கும்போது அதுவே கற்றுக்கொள்ளட்டும். 0.6, 2.5 இரண்டும் தொடக்க எண்கள்தான். அணிபவர் இயல்பாக உட்கார்ந்து எழுவதை இரண்டு நாள் பதிவு செய்து பார்த்துத் திருத்துங்கள்.

இந்த விதிக்கும் ஓட்டைகள் உண்டு. கழற்றி மேசையில் வீசினால் சாய்வு, மோதல், கோணம், அசைவின்மை நான்கும் கனகச்சிதமாக வந்துவிடும். இதைவிட அழகான ‘விழுதல்’ எந்த மனிதரிடமிருந்தும் வராது. 0.2 ஜிக்குக் கீழே கால் நொடிக்கு மேல் நின்றால் அது பெரும்பாலும் கருவி விழுந்தது என்று தனியாகக் குறித்துக்கொள்ளலாம். அப்போதும் பஸ்ஸரை நிறுத்தாதீர்கள், அவகாசத்தை மட்டும் நீட்டுங்கள். இன்னொன்று, விழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடப்பவர். கோணம் மாறாது. மோதல் பலமாக இருந்து, அதன்பின் ஒரு நிமிடம் நடையே இல்லை என்றால் கோணத்தைக் கேட்காமல் கத்தும்படி இரண்டாவது விதி வேண்டும். கட்டிலிலிருந்து சரிபவருக்கு மோதலே இருக்காது. அவருக்குக் கழுத்தில் தொங்கும் அவசர பட்டன்தான் வழி.

நிறுத்தும் பட்டனில் பலர் சறுக்குவார்கள். ‘இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் ரத்து’ என்று வைத்துவிடுவார்கள். கருவியின் மேலேயே விழுந்தவரின் உடல் எடை அந்தப் பட்டனை நிமிடக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கும்! அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினால்தான் ரத்து என்று வையுங்கள்.

மாட்டும் இடம் முதுகின் அடிப்பக்கம், இடுப்புக்கு நடுவில். பக்கவாட்டில் வைத்தால் அந்தப் பக்கம் விழும்போது கருவியே முதலில் தரையில் மோதும். புடவைக் கொசுவத்தில் செருகினால் நழுவித் தானே ஆடும், அந்த ஆட்டமும் அளவில் சேரும். அகலமான எலாஸ்டிக் பெல்ட் ஒன்றே ஒழுங்காக நிற்கிறது.

வைஃபையை எப்போதும் திறந்து வைத்தால் 100 மில்லிஆம்பியர் போல உறிஞ்சும். இந்த பேட்டரி ஐந்து மணி நேரத்தில் காலி. கோணம் மாறியது உறுதியானதும் வைஃபையை எழுப்பினால் போதும், பஸ்ஸர் அடிக்கும் 20 நொடிக்குள் இணைந்துவிடும். மணிக்கொரு தரம் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒரு மெசேஜ் போகட்டும். இரண்டு தவறினால் வீட்டுக்குப் போன் போடுங்கள். கரண்ட் போனால் ரௌட்டரும் போய்விடும், தடுக்கி விழ ஏற்ற இருட்டும் அப்போதுதான். ரௌட்டருக்குச் சின்ன யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

வாட்ச் வாங்கினால் போதாதா என்பார்கள். ஆப்பிள் 2018-இல் சீரிஸ் 4-இல் இதைக் கொண்டுவந்தது. வயது 55-ஐத் தாண்டியதாகப் பதிந்திருந்தால் தானாக இயங்கும்; பலமாக விழுந்து ஒரு நிமிடம்போல அசைவில்லை என்றால் அவசர எண்ணை அழைக்கும். நல்ல கருவிதான். ஆனால் மணிக்கட்டு இடுப்பைப் போல அல்ல; கைதட்டினாலும் துணி துவைத்தாலும் அதற்கு அடிதான். தவிர, குளிக்கும்போது கழற்றி வைக்கிற பழக்கம் இருந்தால் ஈரத் தரையில் அது உதவாது.

ஆய்வகத்தில் 98, 99 சதவீதத் துல்லியம் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். இத்தகைய கருவிகளைச் சோதிக்கப் பலரும் பயன்படுத்தும் சிஸ்ஃபால் என்ற சென்சார் பதிவுத் தொகுப்பில் முதியவர்கள் 15 பேர் உண்டு. ஆனால் அவர்களில் விழுந்து காட்டியவர் ஒருவர்தான், அவரும் 60 வயது ஜூடோ வீரர். மற்ற விழுதல்கள் எல்லாம் இளைஞர்கள் மெத்தையில் விழுந்தவை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, 13 அல்காரிதங்களை நிஜமான 29 விழுதல்களின் பதிவில் ஓட்டிப் பார்த்தது. சராசரியாகப் பிடிபட்டவை 57 சதவீதம்.

விழுமுன் கண்டுபிடிப்பது வேறு ஆட்டம். இடுப்பைக் காக்கும் ஏர்பேக் பெல்ட்டுகளுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 0.3 நொடி. இடுப்பு கீழ்நோக்கி வரும் வேகம் நொடிக்கு 1.3 மீட்டரைத் தாண்டுகிறதா என்பது ஒரு நல்ல அடையாளம். வேகம் வேண்டுமென்றால் முடுக்கத்தைத் தொகையிட (அளவீடுகளை நேரத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போக) வேண்டும், அங்கே 0.05 ஜி பிசகினால் ஒரே நொடியில் அரை மீட்டர் வேகம் பொய்யாகச் சேர்ந்துவிடும். ஆகவே சாய்வு தொடங்கிய பிறகு மட்டும் தொகையிடுங்கள்.

மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்வதற்கு இதே பெல்ட்டும் ஒரு நாற்காலியும் போதும். உட்கார்ந்திருப்பவர் எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம்? 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் அமெரிக்க நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசியின் வழிகாட்டி அதை ஆபத்துக் குறியாக எடுக்கிறது. மொத்த நேரத்தைவிடத் திரும்பும் இடத்தைப் பாருங்கள். ஜைரோவின் செங்குத்து அச்சில், திடமானவருக்கு ஒரே மேடாகத் தெரியும் திருப்பம், தடுமாறுபவருக்கு நாலைந்து சின்ன மேடுகளாக உடைந்து தெரியும். வாரம் ஒருமுறை, அதே நாற்காலி, அதே செருப்பு, அதே நேரம். புது மாத்திரை தொடங்கிய வாரத்தில் மேடுகள் கூடினால், அந்த கிராஃபை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று அவர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அளப்பார்.