ஜூலை வெயிலில் ஹெல்மெட் அணியும் பிள்ளைகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஃபோர்சைத் கவுண்டியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் ஊருக்குப் போய்வருவது, நீச்சல் வகுப்பு, கணிதப் பயிற்சி ஆகியவைதான் பெரும்பாலும். மகன் ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த ஆண்டில் எங்கள் வீட்டில் அந்த வழக்கம் மாறியது. பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர வேண்டும் என்று அவன் உறுதியாக நின்றான். ஜூன் மாதமே எடை தூக்கும் பயிற்சியும் ஓட்டமும் தொடங்கிவிடும். ஜூலை 4-ஐ ஒட்டிய வாரத்தில் மட்டும் பள்ளிகள் எந்தப் பயிற்சியும் நடத்தக் கூடாது என்பது மாநில விதி. ஜூலை இறுதியில் ஹெல்மெட்டோடு மைதானத்தில் இறங்க வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் வகுப்புகள் திறந்து, அந்த மாதம் முடிவதற்குள் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்கள் ஆரம்பித்துவிடும். ஊர்ப் பயணம் டிசம்பருக்குத் தள்ளிப்போனது.

எனக்கிருந்த பயம் மோதலைப் பற்றியது மட்டுமன்று, வெயிலைப் பற்றியதும்தான். மதுரையிலிருந்து பேசிய மாமா, "சித்திரை வெயிலையே பார்த்த நமக்கு அந்த ஊர் வெயில் என்னம்மா செய்யும்?" என்று கேட்டார். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் அவர் கேட்டது நியாயமே. அட்லாண்டாவில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 32 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் உடம்பின் சூட்டைத் தணிப்பது வியர்வை ஆவியாவதுதான் என்பதால், ஈரப்பதம் மிகுந்த இந்த ஊரில் வியர்வை உலராமல் வழிந்தோட, அதற்கு மேல் ஹெல்மெட்டும் தோள் கவசமும் சேர்ந்துகொள்ள, ஓடுகிற பிள்ளையின் உடம்பில் பிறக்கும் சூடு வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. காலையிலேயே பயிற்சியை முடித்துவிட்டால் ஆபத்தில்லை என்றும் சொல்ல முடியாது, ஏனெனில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். உடல் பருத்த, முன்வரிசையில் நின்று மோதுகிற லைன்மேன் பிள்ளைகளே ஹீட் ஸ்ட்ரோக்குக்கு அதிகம் பலியாகியிருக்கிறார்கள்.

அத்தகைய மரணங்கள் மிகுதியாக நேர்ந்த மாநிலங்களில் ஜார்ஜியாவும் ஒன்று. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் உயர்நிலைப் பள்ளி அணிகளிடையே நடத்திய ஆய்வின் அடிப்படையில், இங்குள்ள உயர்நிலைப் பள்ளிகள் சங்கம் 2012-இல் தன் வெப்ப விதிகளைத் திருத்தி எழுதியது. முதல் ஐந்து நாள் பயிற்சியில் ஹெல்மெட்டும் பல் காப்பும் தவிர வேறு கவசம் எதுவும் கூடாது, பயிற்சி இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெயிலுக்கு உடம்பு முழுமையாகப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும்; அதற்குள் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், வியர்வையோடு போகும் உப்பு குறையும், இரத்தத்தின் நீர்மப் பகுதி பெருகும். அந்த அவகாசத்தை உடம்புக்குத் தரவே இந்தப் படிப்படியான ஏற்பாடு.

மைதானத்தின் ஓரத்தில், வெயில் நேராக விழும் இடத்தில், முக்காலி ஒன்றின் மேல் கைக்கடக்கமான கருவி ஒன்று நிற்கும். அதன் தலையில் எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய கறுப்பு உருண்டை இருக்கும். அது காட்டுவது வெறும் வெப்பநிலையன்று. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு 70 விழுக்காடு, வெயிலை உள்வாங்கும் கறுப்பு உருண்டைக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்று மதிப்புக் கொடுத்துக் கணக்கிடும் வெட் பல்ப் குளோப் அளவு அது. 1950-களில் அமெரிக்க மரைன் படை வீரர்களின் பயிற்சி முகாம்களுக்காக உருவான முறை இது. பிள்ளைகளின் காயத்தையும் உடல்நலத்தையும் கவனிக்கும் அணியின் அத்லெடிக் டிரெய்னர் அதைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்வார். 87 ஃபாரன்ஹீட்டை எட்டினால் பயிற்சி இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், ஹெல்மெட்டும் தோள் கவசமும் தவிர வேறு கவசம் கூடாது. 90-ஐ எட்டினால் ஹெல்மெட் உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் மட்டுமே, அதிலும் 20 நிமிடம் ஓய்வு. 92-ஐத் தாண்டினால் வெளியே பயிற்சியே கிடையாது. குரல் ஓங்கிய தலைமைக் கோச், அந்த எண்ணைக் கேட்டதும் ஒரு வார்த்தை மறுப்பின்றி விசிலை ஊதிப் பிள்ளைகளை நிழலுக்கு அனுப்பியதை நான் கண்ணால் கண்டேன். இந்த நாட்டின் மீது எனக்கு நம்பிக்கை வேரூன்றிய இடங்களில் அதுவும் ஒன்று.

அதைக் காணும் வாய்ப்பு பூஸ்டர் கிளப்பில் சேர்ந்ததால் கிடைத்தது. அணிக்கு நிதி திரட்டுவது, சாப்பாடு ஏற்பாடு செய்வது, ஐஸ் பெட்டிகளை நிரப்புவது எல்லாம் பெற்றோர்களின் பொறுப்பு. வேலை பார்க்கும் இடத்தில் பல ஆண்டுகள் பழகியும் கிடைக்காத நெருக்கம், தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பிக்கொண்டே பேசியதில் அந்த ஊர்த் தாய்மாரோடு கிடைத்தது. அவர்களில் ஒருவரின் தந்தை, தம் காலத்தில் தண்ணீர் கேட்பதே கோழைத்தனமாகக் கருதப்பட்டது என்றார். அது மிகையன்று. 1954-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரி அணியை ஜங்ஷன் என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்ற பேர் பிரையன்ட் என்ற பயிற்சியாளர், வறட்சிக் காலத்து வெயிலில் தண்ணீர் இடைவேளையே இல்லாமல் பத்து நாள் பயிற்சி நடத்தினார். வீரர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே வெளியேறினார்கள். அந்த முகாமை வீரக்கதையாகச் சொல்லும் வழக்கம் நெடுங்காலம் நீடித்ததை என்னால் ஏற்க இயலவில்லை.

மனப்போக்கு வேகமாக மாறியதற்கு ஒரு துயரமும் காரணம். 2001 ஆகஸ்ட் 1 அன்று, மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை அணியின் வீரர் கோரி ஸ்டிரிங்கர் கோடைப் பயிற்சியில் ஹீட் ஸ்ட்ரோக்கால் இறந்தார். அவர் பெயரால் 2010-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஆய்வு நிறுவனம், மயங்கி விழுந்தவரை முதலில் குளிர்விக்க வேண்டும், அதன் பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று இடைவிடாமல் வலியுறுத்துகிறது. அதனால்தான் எங்கள் மைதானத்தில் பயிற்சி தொடங்கும் முன்பே பெரிய தொட்டி ஒன்றில் தண்ணீரும் ஐஸும் நிரப்பித் தயாராக வைக்கப்படுகின்றன. அதில் இதுவரை எந்தப் பிள்ளையையும் அமிழ்த்த நேரவில்லை. இருந்தும் ஒவ்வொரு முறையும் ஐஸ் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டும்போது, வேறு எந்த வேலையிலும் இல்லாத கவனம் எனக்கு வந்துவிடுகிறது.

வெயிலைப் பற்றிய பயம் இப்படித் தணிந்தாலும், தலையில் படும் அடிகளைப் பற்றிய கவலை எனக்குத் தீரவில்லை. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்குமே தவிர, உள்ளே மூளை அதிர்வதை முழுவதும் தடுக்காது. மகனோடு அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, தலை சுற்றினாலோ வெளிச்சம் கூசினாலோ மறைக்காமல் டிரெய்னரிடம் சொல்ல வேண்டும் என்று வாக்கு வாங்கியிருக்கிறேன்.

பிள்ளையை அணியில் சேர்க்க நினைக்கும் தமிழ்ப் பெற்றோர், சாமான்களின் விலையை விசாரிப்பதற்கு முன், பயிற்சியின்போது டிரெய்னர் மைதானத்தில் இருப்பாரா, ஐஸ் தொட்டி இருக்கிறதா, வெப்ப அளவை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்கள். எனக்குக் கருவியையே காட்டி விளக்கினார்கள். கோடையில் ஊருக்குப் போய் ஆகஸ்டில் திரும்புகிற பிள்ளைக்கும் முதல் ஐந்து நாள் விதி தனியாகப் பொருந்தும். மற்றவர்கள் முழுக் கவசத்தோடு ஆடும்போது அவன் ஹெல்மெட்டோடு மட்டும் ஓட வேண்டியிருக்கும். அதை அவனிடம் முன்னதாகவே சொல்லி, திரும்பி வரும் தேதியைக் கோச்சிடமும் தெரிவித்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.