கொடிகாமம் இரண்டான கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டு பஸ் வழிகளைத் தேடித் தரும் ஒரு சின்ன வலைச்செயலி செய்கிறோம். எந்தச் சந்தியில் இறங்கி மாறவேண்டும் என்று சொல்லும். வழி கண்டுபிடிக்க எடுத்தது கிராஃப்லிப் என்ற திறமூல ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். படவரைபு போடும் டாக்ரே நூலகத்தைப் பாவித்தவர்களுக்குப் பழக்கமாக இருக்கும், அதற்குள்ளே ஓடுவதும் இதுதான். ஊர்களை முனைகளாகவும் வீதிகளை விளிம்புகளாகவும் ஏற்றி குறுகிய வழி தேடும் டைக்ஸ்ட்ரா முறையைக் கூப்பிடும் வரை ஒரு கரைச்சலும் இல்லை.

விடையில்தான் வந்தது வினை. சாவகச்சேரியிலிருந்து நெல்லியடிக்கு வழி கேட்டால் யாழ்ப்பாணம் போய், கோப்பாய், அச்சுவேலி எல்லாம் சுற்றிப் போகச் சொல்கிறது! ஏ9 வீதியில் கொடிகாமம் வரை போய் வடக்கே திரும்பினால் முடிந்தது அலுவல். தென்மராட்சியில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பிழைச்செய்தி என்று ஒன்றும் வரவில்லை, அதுதான் எரிச்சல்.

தூரங்களில் ஒரு குழப்பம் இருந்தது உண்மைதான். காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பிலிருந்து வந்த எண்கள் எழுத்துச் சரங்களாகவே இருந்தன. அப்படி வந்த 12உடன் 5ஐக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டி 125 ஆக்கிவிடும். எண்ணாக மாற்றினோம், தூரம் சரி. வழி மட்டும் அசையவில்லை. இந்த நூலகமே சரியில்லை, வேறொன்றுக்கு மாறுங்கள் என்று புத்தி சொன்னவர்களும் உண்டு.

கடைசியில் முனைகளின் பட்டியலை அப்படியே திரையில் கொட்டிப் பார்த்தோம். கொடிகாமம் இரண்டு தடவை இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. பெயர் எத்தனை குறி நீளம் என்று கேட்டால் ஒன்று 9, மற்றது 10.

காரணம் பாமினி. நிறுத்தப் பெயர்களில் பாதி யாரோ பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்தவை. ஓர் இணைய மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கியிருந்தோம். அந்த மாற்றி ‘கொ’வின் கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறிகளாக விட்டுவிட்டது. போனில் அடித்த மிச்சப் பாதியில் அது ஒரே குறி. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. கிராஃப்லிப்பில் விளிம்பு போடும் கட்டளையான செட்எட்ஜ், கொடுத்த பெயரில் முனை இல்லாவிட்டால் கேட்காமலே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். ஆக, சாவகச்சேரி ஒரு கொடிகாமத்தோடு, நெல்லியடி இன்னொரு கொடிகாமத்தோடு. இரண்டுக்கும் நடுவே வீதி இல்லை.

கொக்குவில், கோண்டாவில், கோப்பாய், தொண்டைமானாறு, பொன்னாலை... எங்கள் ஊர்ப் பெயர்களில் பாதிக்கு இந்த ஆபத்து உண்டு. பொன்னாலை உடைந்திருந்தால் உடனே பிடித்திருப்போம், காரைநகருக்கு வீதி அதன் வழியாகத்தான் என்பதால் அங்கே போகும் தூரம் இன்ஃபினிட்டி (முடிவிலி) என்று வந்திருக்கும். கொடிகாமத்தின் இரண்டு பாதியும் யாழ்ப்பாணம் வழியாக இணைந்தே இருந்ததால் துண்டான பகுதிகளைத் தேடும் கம்போனன்ட்ஸ் சோதனையிலும் அகப்படவில்லை.

மருந்து ஒரே வரி. பெயர் உள்ளே வரும் இடத்திலேயே ட்ரிம் செய்து (ஓரத்து வெற்றிடங்களை வெட்டி), ‘என்எஃப்சி’ என்று கொடுத்து நார்மலைஸ் செய்துவிடுங்கள், பிரிந்த குறிகள் ஒன்றாகிவிடும். இந்த நார்மலைஸ் ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதலே இருக்கிறது. அதோடு, செட்எட்ஜுக்கு முன்னால் அந்த முனை உண்டா என்று ஹாஸ்நோட்டைக் கேட்டு, இல்லாத பெயர் என்றால் நிரலையே நிறுத்துங்கள். இதைப் போட்டதும் எழுத்துப்பிழையுள்ள வேறு பெயர்களும் வரிசையாக வந்து மாட்டின. அந்த மாற்றித் தளத்துக்கு மின்னஞ்சல் போட்டோம், பதில் இல்லை.

அப்புறம், கிராஃப்லிப்பில் கிராஃப், அதாவது முனையும் விளிம்பும் சேர்ந்த வலை, இயல்பாகவே ஒருவழி. போக ஒரு விளிம்பு, வர ஒரு விளிம்பு போடவேண்டும். ஒரே இரண்டு ஊருக்கிடையே இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸையும் மினிபஸ்ஸையும் தனித்தனியே வைக்க நினைத்தால் மல்டிகிராஃப் என்றும் சொல்லி, விளிம்புக்குப் பெயரும் கொடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வந்த மினிபஸ் முன்னால் நின்ற இ.போ.ச.வைச் சத்தமில்லாமல் அழித்துவிடும்.