தொப்பைக்கு ஒரு கோதுமை பிரெட்

எங்கள் வீட்டில் பிரெட் என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. யாருக்காவது உடம்பு சுட்டால்தான் பாக்கெட் வாங்குவோம், பாலில் தோய்த்துக் கொடுப்போம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பிரெட் சுட ஆரம்பித்தபோது, "ஏங்க, இப்ப யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று மனைவி கேட்டது நியாயம்தான். எனக்குத்தான். எடை தொண்ணூறு கிலோவைத் தாண்டியிருந்தது. ராத்திரி சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

என் ராத்திரிச் சாப்பாடு தோசை. அதில் உள்ள சிக்கல் தோசை இல்லை, அதற்குக் கணக்கு இல்லாததுதான். கல்லில் இருந்து நேராகத் தட்டுக்கு வரும். "இன்னும் ஒண்ணு ஊத்தவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. பிரெட் அப்படியில்லை. ரெண்டு துண்டு எடுத்து வைத்தால் ரெண்டு துண்டுதான். யாரும் சுடச்சுட மூன்றாவது துண்டை நீட்டப் போவதில்லை.

சரி, கடையிலேயே பிரவுன் பிரெட் விற்கிறதே, வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதில் இருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. நான் புரட்டிப் பார்த்த பல பாக்கெட்டுகளில் முதல் பெயரே மைதாதான். கோதுமை பின்னால் எங்கோ வருகிறது. அந்த அழகான பழுப்பு, கேரமல் நிறத்தின் புண்ணியம்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முழுக்கோதுமையில் செய்ததாலேயே பிரெட் இளைக்க வைத்துவிடாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி 100 கிராம் ஆட்டாவில், அதாவது முழுக்கோதுமை மாவில், சுமார் 320 கலோரி, மைதாவில் சுமார் 350. இந்த முப்பது கலோரிக்கு யாரும் மாவு பிசைய வேண்டாம். வித்தியாசம் நார்ச்சத்தில்தான்: ஆட்டாவில் 11 கிராம், மைதாவில் 3 கிராம்கூட இல்லை. சர்க்கரை ஏறும் வேகத்தைச் சொல்லும் கிளைசெமிக் இண்டெக்ஸிலும் கோதுமை பிரெட்டுக்குப் பெரிய பெருமை இல்லை. வெள்ளை பிரெட் 75 என்றால் முழுக்கோதுமை பிரெட் 74. காரணம், மாவை அவ்வளவு நைஸாக அரைத்துவிடுகிறார்கள். தவிடு உள்ளே இருந்தாலும் பொடியான மாவு சீக்கிரமே செரித்துவிடுகிறது. தானியம் கொஞ்சம் முழுசாக, குருணையாக இருந்தால்தான் செரிக்க நேரம் எடுக்கும்.

அதனால் நான் மில்லுக்குப் போகிறேன். திருச்சியில் தெருவுக்குத் தெரு மாவு மில் இருக்கும்போது பாக்கெட் மாவு எதற்கு? கோதுமையைப் புடைத்து, ஒரு வெயில் காயவைத்து எடுத்துப் போனால், "சப்பாத்திக்குத்தானே சார், நைஸா ஓட்டிடவா?" என்பார் மில்காரர். வேண்டாம், கையில் எடுத்தால் நறநறவென்று இருக்கட்டும் என்பேன். ஒரு மாதிரி பார்ப்பார். எனக்கு முன்னால் மிஷினில் யார், என்ன அரைத்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். மிளகாய் என்றால் அன்றைக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். அரைத்த மாவு கையைச் சுடும். வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துக் கட்டி தட்டும்.

ஒரு பிரெட்டுக்கு என் அளவு: மில் மாவு 350 கிராம், சம்பா கோதுமை ரவை 100 கிராம், உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. சர்க்கரை இல்லை. ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை போட்டால்தான் பொங்கும் என்பார்கள், மாவில் இருப்பதே அதற்குத் தாராளம்.

ரவையில் 120 மில்லி வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் மூடி வைக்கிறேன். மாவை 260 மில்லி தண்ணீரில் பிசைந்து, அதையும் அரை மணி சும்மா விடுகிறேன். இந்த அரை மணியைத் தவறவிடக் கூடாது. தவிட்டின் ஓரங்கள் கூர்மையானவை. மாவைப் பிணைத்துப் பிடிக்கும் குளூட்டன் என்ற புரத இழையை அவை அறுத்துவிடும், பிரெட் எழும்பாது. ஊறினால் தவிடு மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் ரவை, ஈஸ்ட், உப்பு, எண்ணெய் சேர்த்துப் பத்து நிமிஷம் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி உருண்டு வராது, விரலில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மாவைத் தூவினால் போச்சு, பிரெட் வறண்டுவிடும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் போதும். கொஞ்சம் எடுத்து விளக்குக்கு நேராக இழுத்துப் பார்ப்பேன். கிழியாமல் சவ்வு மாதிரி விரிந்து, நடுவில் தவிட்டுப் புள்ளிகள் தெரிந்தால் பிசைந்தது போதும்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. "ஒன்றரை மணி நேரம் பொங்கவிடவும்" என்பார்கள். சித்திரை மாதத்தில் ஒன்றரை மணி விட்டால் மாவு புளித்துப் பாத்திரத்தைத் தாண்டிவிடும். கோடையில் ஃபிரிட்ஜ் தண்ணீரில் பிசைந்தும் முக்கால் மணியிலேயே இரண்டு மடங்காகிவிடுகிறது. கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். காற்றை அமுக்கி, சுருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் போட்டு, விளிம்புக்கு வந்ததும் சூடேற்றிய ஓடிஜியில் (மேஜைமேல் வைக்கும் கரண்ட் அடுப்பு) 190 டிகிரியில் 45 நிமிஷம். பாதி நேரத்தில் மேலே ஃபாயில் மூட வேண்டும், கம்பி பக்கத்திலேயே இருப்பதால் மேல்பக்கம் கருகப் பார்க்கும்.

வெந்ததும் வரும் வாசனைக்கு ஆசைப்பட்டு வெட்டக் கூடாது. சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டும். முழுக்க ஆற வேண்டும், மறுநாள் காலை வெட்டினால் இன்னும் உத்தமம்.

மொத்தம் முக்கால் கிலோ வருகிறது. பதினெட்டுத் துண்டாக வெட்டினால் துண்டு 40 கிராம் சொச்சம், 90 கலோரிக்குப் பக்கம். ராத்திரிக்கு ரெண்டு துண்டு, ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல் அல்லது ரெண்டு முட்டை, வெங்காயம் போட்ட தயிர். ஜாம் கிடையாது, வெண்ணெய் கிடையாது. கொத்தமல்லித் துவையல் தடவிக்கொள்கிறேன், இந்த பிரெட்டுக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை. நன்றாக மென்றுதான் விழுங்க முடியும், அதிலேயே கால் மணி போய்விடும். வயிறு நிறைந்தது அதற்குள் தெரிந்துவிடுகிறது. எடை மெதுவாக இறங்குகிறது. பெல்ட்டில் ஓட்டை இரண்டு உள்ளே போயிருக்கிறது. அந்தப் புகழில் பாதி சாயங்கால பஜ்ஜியை நிறுத்தியதற்குப் போக வேண்டும் என்பாள் மனைவி. மறுக்கவில்லை.

கம்பு, கேழ்வரகு சேர்க்கலாமா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். சேர்க்கலாம், ஆனால் அவற்றில் குளூட்டன் இல்லை. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் பிரெட் எழும்பாமல் அமுங்கிவிடும். அதற்குப் பதில் கம்மங்கூழே குடித்துவிடலாம். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், சீக்கிரம் விறைத்துப்போகும். வெளியே வைத்தால் இந்தப் புழுக்கத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை. துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளுங்கள்.