46 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம்
மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி வாக்கில் மலை ரயில் ஏறினால் ஊட்டி போய்ச் சேர மதியம் ஆகிவிடுகிறது. "பஸ்ல போயிருந்தா இந்நேரம் சாப்பிட்டே முடிச்சிருக்கலாம்" என்று கல்லாறு வரை புலம்பிக்கொண்டே வந்தேன். அங்கிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் தண்டவாளப் பல்லைக் கவ்விக் கவ்வித்தான் ஏறும்; இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும்.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். இறங்கி டீ குடித்தோம். ஒரு குரங்கு என் வடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. (அந்த மலையிலேயே அதுக்கு மட்டும்தான் அவசரம்.) போனில் சிக்னல் இல்லை. எதிர் சீட்டுப் பாட்டி தன் கல்யாணக் கதையை ஆரம்பித்து, குன்னூரில்தான் தாலி கட்டவே விட்டார்.

குகைகளை எண்ணிக்கொண்டே வந்த மகள் பதினொன்றில் தூங்கிவிட்டாள். மீதியை நான் எண்ணினேன். மொத்தம் 16.